அம்மா வீட்டுல சாமான் குவிஞ்சு கிடக்கு, யார்கிட்ட உதவி கேக்கலாம்?

கேள்வி:
அப்பா தவறுனதுக்கப்புறம் அம்மா எதையுமே வெளிய போட விடமாட்டேங்குறாங்க, மஞ்சப்பை, பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, மொய்க்கு வந்த எவர்சில்வர்னு ஹால்ல நடக்கவே வழியில்ல, கட்டில் முழுக்க துணி, அவங்க பாயிலதான் படுக்குறாங்க. நான் கை வச்சாலே அழுகை. மதுரைல இருக்கோம். இத கடந்து வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
தங்கச்சி, அவங்க இல்லாத நேரம் பாத்து மட்டும் எதையும் தூக்கிராதம்மா, அப்புறம் உன்ன நம்பவே மாட்டாங்க. எங்க மாமியாருக்கு அவங்க தங்கச்சியத்தான் வரவச்சோம், சின்னத்தை எதையும் எடுத்து வைக்கல, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு சேலைக்கும் கதைய கேட்டாங்க, பேசி முடிச்சதும் அத்தையே "இத யாருக்காச்சும் குடுத்துரு"ன்னாங்க. முதல்ல கட்டிலயும் அடுப்படியையும் பாரு, அப்பா சட்டைய கடைசிக்கு வை.

பதில் 2:
பேப்பர், இரும்பு எடைக்கு போட்டுருங்க. நல்ல துணிய கூஞ்ச் மாதிரி அமைப்புங்க வாங்கிக்குவாங்க. போகிக்கு எரிச்சிரலாம்னு யாராச்சும் சொன்னா பிளாஸ்டிக்க மட்டும் எரிக்காதீங்க.

பதில் 3:
இது சோம்பேறித்தனம் இல்லங்க. சேத்து வைக்கிறது கைமீறி போறத அமெரிக்க மனநல சங்கம் 2013லயே தனி நோயா வகைப்படுத்திட்டாங்க, பேச்சு சிகிச்சை இருக்கு. அம்மாவுக்கு அதுதான்னு நாம முடிவு பண்ண வேணாம், துக்கமாவும் இருக்கலாம். 14416 டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம், முதல்ல நீங்க பேசுங்க, உங்களுக்கும் ஆறுதல் வேணும்ல.

கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும். திருமங்கலத்துல சித்தி இருக்காங்க, இன்னைக்கே கூப்பிடுறேன்.