ஐரிஷ் மாடல் ரயில் லேஅவுட்டுக்கு எந்த டிராக்?

கேள்வி: வீட்டுல ஐரிஷ் லேஅவுட் ஆரம்பிச்சிருக்கேன், ஓஓ ஸ்கேல்ல (அசல்ல 76-ல ஒரு பங்கு) ஒரு 071 கிளாஸ் டீசல் இன்ஜின் இருக்கு. அயர்லாந்து கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளி) 1600 மி.மீ., ஓஓ டிராக்கோ 16.5 மி.மீ. தான், அப்போ இந்த ஸ்கேலுக்குச் சரியா வர்ற 21 மி.மீ. டிராக் நானே போடணுமா? இன்னொண்ணு, பாயிண்ட்ஸ் (தண்டவாளம் பிரியுற இடம்) மேல மெதுவா போனா இன்ஜின் நின்னுடுது, லேசா தள்ளுனாத்தான் நகருது.

பதில்: 21-ல ஓடுறது பாக்க அவ்வளவு அழகு. ஆனா பாயிண்ட்ஸ் எல்லாம் கையாலயே செய்யணும், ஒவ்வொரு இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை அகலப்படுத்தணும். முதல் லேஅவுட்னா 16.5 போதும்.

பதில்: 071-க்கு ஆறு அச்சு, அவ்வளவு நீள இன்ஜின் பிளாஸ்டிக் ஃப்ராக்ல (பாயிண்ட்ஸ்ல தண்டவாளங்கள் குறுக்கிடுற, கரண்ட் வராத சின்னத் துண்டு) நிக்கக்கூடாது. சக்கரத்துல அழுக்கு இருக்கும், ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு துடைச்சுப் பாருங்க.

கேட்டவர்: துடைச்சேன், பஞ்சு கரியாட்டம் ஆயிடுச்சு! இப்போ பாயிண்ட்ஸ் மேல ஊர்ந்து போகுது, ரொம்ப நன்றிங்க.