தப்பா டிக்ளேர் செய்தவர் சீட்டு எங்கே போகணும்?

13 சீட்டு ரம்மி, 101 பூல் (101 புள்ளி தொட்டவர் வெளியே), ஐந்து பேர். இரண்டு கட்டு, அச்சு ஜோக்கர் இரண்டு: மொத்தம் 106 சீட்டு. 65 பிரித்து, வெட்டு ஜோக்கரும் (எந்த எண் ஜோக்கர் என்று காட்ட எடுத்த சீட்டு) திறந்த சீட்டும் போக நடுக்கட்டில் 39.

ஒருவர் ஒரு ப்யூர் சீக்வென்ஸ் (ஜோக்கரை மாற்றாக வைக்காமல் ஒரே இனத்தில் தொடராக வரும் சீட்டுகள்), மூன்று செட் (ஒரே எண், வெவ்வேறு இனம்) வைத்து, ஆட்டம் முடிந்தது என்று டிக்ளேர் செய்தார். கட்டாயம் வேண்டிய இரண்டாவது சீக்வென்ஸ் இல்லை. அவருக்கு 80 புள்ளி அபராதம், அதில் சண்டை இல்லை. மற்ற நால்வரும் ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். சிக்கல் அவர் விரித்துப் போட்ட சீட்டுகள்தான்.

ஓரமாக ஒதுக்கிப் பார்த்தோம்: அவர் கையிலிருந்த இரண்டு ஜோக்கரும் அதோடு முடங்கின, நடுக்கட்டும் சீக்கிரம் தீர்ந்தது. கலைத்து நடுக்கட்டின் அடியில் வைத்தும் பார்த்தோம்: எல்லாரும் பார்த்துவிட்ட சீட்டு, எந்தச் சீட்டு எங்கே என்று நினைவில் கணக்குப் போடுபவருக்குக் கொண்டாட்டம். ஆன்லைனில் மென்பொருளே முடித்துவிடுவதால் அங்கும் விடை கிடைக்கவில்லை.

நேரில் காசு வைத்து ஆடும் மேசைகளில் அந்த 13 சீட்டை ஒதுக்குவார்களா, நடுக்கட்டில் கலப்பார்களா?