புதுப்பிப்பு: ஐஸ் ஆலை மோட்டாரின் பேரிங் பழுது

கன்னியாகுமரி பக்கம், சின்னமுட்டம் அருகே உள்ள எங்கள் ஐஸ் ஆலையில், அமோனியா கம்ப்ரசரை ஓட்டும் 45 கிலோவாட் மோட்டாருக்கு விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய பின், நான்கு மாதத்துக்கொருமுறை பேரிங் இரைந்து பழுதாவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். கடலோர உப்புக்காற்றுதான் காரணம் என்று அப்போது நான் போட்ட பழி தவறானது.

கழற்றிய பேரிங்கை (6313 என்ற அளவு எண் கொண்டது) அறுத்துப் பார்த்தபோது, கிரீஸ் கருகியிருந்தது. வெளிவளையத்தில் குண்டுகள் ஓடும் பாதையில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மடிப்புகளைப் போல, சீரான இடைவெளியில் குறுக்கு வரிகள் விழுந்திருந்தன. விஎஃப்டி மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுத் தருவதால் (ஸ்விட்ச்சிங்) மோட்டாரின் தண்டில் ஏறும் மின்னழுத்தம், கிரீஸின் மெல்லிய படலத்தைத் துளைத்துப் பொறியாக இறங்கும்போது உலோகம் நுண்ணளவில் உருகுவதன் தடயம் இது.

இந்த மின்னோட்டத்தைத் தடுக்க, மின்காப்பாக அலுமினியம் ஆக்சைடு பூசிய பேரிங்கையே பலர் பரிந்துரைத்தீர்கள். ஆனால் அந்த மெல்லிய பூச்சு உயர் அதிர்வெண் மின்னோட்டத்துக்கு ஒரு கெப்பாசிட்டர்போல ஓரளவு வழிவிடும் என்பதால், விலை கூடுதலாக இருந்தும், மின்சாரம் கடத்தாத சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கான் குண்டுகள் கொண்ட ஹைப்ரிட் பேரிங்கை மோட்டாரின் மின்விசிறிப் பக்கத்தில் போட்டோம். மின்னோட்டம், மோட்டாரையும் கம்ப்ரசரையும் இணைக்கும் கப்ளிங் வழியாகக் கம்ப்ரசருக்குத் தாவாதிருக்க, மறுமுனையில் தண்டைத் தொட்டபடி மின்னழுத்தத்தை எர்த்துக்கு இறக்கும் எர்த்திங் பிரஷ் வைத்தோம்.

ஏழு மாதமாக இரைச்சல் இல்லை. பிரஷ்ஷில் படியும் உப்பை மட்டும் மாதந்தோறும் துடைக்கிறோம். அந்த அளவில் உப்புக்காற்றுக்கும் பங்கு உண்டுதான்.