மணமுறிவு, மரணம், ஆள் மாற்றம்: 14 டெமோவை ஏற்காட்டில் ஆல்பமாகப் பதிவது எப்படி?

நாலுரோடு_கிட்டார்:
வணக்கம்ங்க. சேலத்தில் நாலு பேர் சேர்ந்த தமிழ் ராக் பேண்ட். இந்த ஒரு வருஷத்தில் பாடகருக்கு மணமுறிவு, டிரம்மரின் அப்பா காலமானார், பேஸ் வாசித்தவர் விலகிப் புது ஆள் வந்திருக்கிறார். போனில் பதிந்த 14 டெமோ (மாதிரிப் பாட்டு) கையில் இருக்கிறது. நவம்பரில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா 6 நாள் கிடைக்கும். 8 சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), 2 கண்டென்சர் மைக் (நுண்ணிய சத்தத்தையும் பிடிப்பது), 4 டைனமிக் மைக் (பலத்த சத்தத்தைத் தாங்குவது), ஒரு லேப்டாப் உண்டு. 14-ல் எதை வைப்பது? உண்மையான ஆட்களைக் குறிக்கும் வரிகளை என்ன செய்வது? பாடகர் ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தில் உடைந்து அழுதுவிடுகிறார். அந்த டேக்கை (அந்த முறை பாடிய பதிவை) வைக்கலாமா?

ஹேர்பின்_20:
முதல்ல நவம்பரை விடுங்க. வடகிழக்குப் பருவமழையில அந்த உயரத்துல மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உட்காரும். கண்டென்சர் மைக்கோட காப்ஸ்யூல்ல ஈரம் படிஞ்சா மின்னூட்டம் கசிஞ்சு பட்பட்னு வெடிக்கும், அந்தச் சத்தத்தை மிக்ஸிங்ல சுத்தமா எடுக்க முடியாது. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் சரி. அதுக்கு மேல போனா மேல்பலகை உப்பி, கம்பி உயர்ந்து, ஸ்ருதி நிக்காது. தகரக் கூரையா இருந்தா மழைச் சத்தம் வேற. டிசம்பர், ஜனவரியில காபிப் பழம் எடுப்பாங்க, பக்கத்துல பல்பர் (காபிப் பழத்தோட தோலை உரிக்கிற மிஷின்) ஓடுனா அன்னைக்குப் பதிவு கிடையாது. பிப்ரவரிக் கடைசி, வார நாளாப் பாருங்க. மைக் டப்பாவுல சிலிக்கா ஜெல் கட்டாயம்.

போனதும் எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. பழைய பங்களாவுல பிளக் மூணு பின்னா இருக்கும், பின்னாடி எர்த் வயரே போயிருக்காது. ஆம்ப் இரையுதா? லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா கோளாறு சார்ஜர் வழியா வருது, பேட்டரியிலயே பதியலாம். ஃபிரிட்ஜ், டியூப் லைட் ரெண்டையும் அணைச்சிடுங்க. இரைச்சலை நிறுத்தறதுக்காக ஆம்ப்போட எர்த் பின்னை மட்டும் உடைச்சிடாதீங்க, கிட்டார் கம்பியில கை வெச்சுக்கிட்டே மைக்கைத் தொடுறவரோட உயிருக்கே ஆபத்து.

டிரம்ஸுக்கு ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸோட முறை போதும், கொஞ்ச மைக்லயே முடிஞ்சிடும். ஒரு கண்டென்சர் ஸ்னேருக்கு (டிரம்மர் முன்னாடி இருக்கிற சின்ன டிரம்) நேர் மேல சுமார் 1 மீட்டர். இன்னொண்ணு ஃப்ளோர் டாம் (தரையில நிக்கிற பெரிய டிரம்) பக்கம், ஸ்னேரைப் பார்த்து. ஸ்னேர் நடுவுல இருந்து ரெண்டு மைக்குக்கும் தூரம் ஒண்ணா இருக்கணும், கயிறு கட்டி அளங்க. தூரம் மாறுனா ஸ்னேரோட அடி ரெண்டு மைக்குக்கும் வெவ்வேற நேரத்துல போய்ச் சேரும், கலக்கும்போது அடிவயிறு இல்லாத சத்தமாயிடும். கிக் (காலால அடிக்கிற டிரம்), ஸ்னேர் பக்கத்துல ஒவ்வொரு டைனமிக். மிச்ச ரெண்டு டைனமிக்ல ஒண்ணு கிட்டார் ஆம்புக்கு, ஒண்ணு வழிகாட்டிக் குரலுக்கு (மத்தவங்க வாசிக்கத் துணையாப் பாடுறது, அப்புறம் மாத்திடுவோம்). பேஸ் மைக் இல்லாம நேரா டிஐ பாக்ஸ் (கிட்டாரை இன்டர்ஃபேஸோட இணைக்கிற சின்னப் பெட்டி) வழியா. ஏழு சேனல் ஆச்சு. லேப்டாப்புல பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சத்தத்தோட உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

பொழுது சாஞ்சா சில்வண்டு. அது சிம்பலோட சத்தம் இருக்கிற அதிர்வெண்லயே கத்தும், ஈக்யூ போட்டு அந்த அதிர்வெண்ணைக் குறைச்சா சிம்பலும் சேர்ந்து செத்துடும். குரல், அக்கூஸ்டிக் எல்லாம் பகல் 10-ல இருந்து 4-க்குள்ள. ராத்திரிக்கு எலக்ட்ரிக் கிட்டாரை வெச்சுக்கங்க.

அந்தாதி:
வரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விவாகரத்து வழக்கு இன்னும் நடக்கிறது என்றால், வக்கீலிடம் காட்டாமல் ஒரு வரியையும் வெளியிடாதீர்கள். வழக்கு முடிந்திருந்தாலும் பெயர், தெரு, வேலை, குழந்தை ஆகிய நான்கும் பாட்டில் வேண்டாம். பதில் சொல்ல மேடை இல்லாதவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வரியும் வேண்டாம். பாட்டும் அதனால் நன்றாகிறது: "நீ இப்படிச் செய்தாய்" என்று அடுக்கும் பாட்டு மூன்றாம் முறை கேட்கும்போது சலித்துவிடும்.

நம் ஒப்பாரியைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் இறந்தவரிடமே பேசுகிறது. உணர்ச்சியின் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. அவர் உட்கார்ந்த திண்ணை, உடுத்திய வேட்டி என்று பொருள்களை எடுத்து வைக்கும். டிரம்மரின் அப்பா பாட்டில் "வலி", "கண்ணீர்", "இதயம்" மூன்றையும் அடித்துவிட்டு, அவர் புழங்கிய நான்கு பொருள்களை எழுதிப் பாருங்கள்.

பாட வசதியும் முக்கியம். இழுத்துப் பாடும் இடத்தில் நெடில் வர வேண்டும். "வீடு காலியாச்சு" என்றால் வீ, கா, யா மூன்றிலும் நின்று பாடலாம். "பிரிந்து நடந்து" என்பதில் நிற்க இடமே இல்லை. குறிலை இழுத்தால் கேட்பவருக்கு வேறு சொல்லாகத் தெரியும். ஸ்னேர் விழும் இடத்தில் வல்லினத்தில் தொடங்கும் அசையை வையுங்கள். "காலியாச்சு" போன்ற சொல்லின் கடைசி உகரத்தை விழுங்கிவிடலாம்.

விலகிய பேஸ் வாசிப்பாளரின் மெட்டோ ரிஃப்போ (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) அந்த 14-ல் எங்காவது இருக்கிறதா? இருந்தால் பதிவுக்கு முன்பே அவர் பங்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் அமைப்பு) பாட்டைப் பதியும்போதும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள்.

கொண்டலாம்பட்டி_பீட்:
அழுத டேக்: இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். சொல் புரிகிறதா, தாளம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இருந்தால் வையுங்கள். ஆனால் அந்தச் சரணத்தை மட்டும் வெட்டி, வேறு நாள் பாடிய பல்லவியோடு ஒட்டாதீர்கள். மூச்சும் தொண்டையின் இறுக்கமும் மாறியிருப்பது தையல் போலத் தெரியும். பாட்டு முழுவதும் ஒரே டேக்காக இருக்கட்டும். அழுதபின் குரல்நாண் வீங்கிச் சளி கட்டும், உடனே அடுத்த டேக் எடுத்துப் பயனில்லை. அந்தப் பாட்டை அன்றைய கடைசியாக வையுங்கள், நான்கு டேக்குக்கு மேல் வேண்டாம். குரல் திடீரென ஏறுமென்பதால் கண்டென்சருக்குப் பக்கத்திலேயே ஒரு டைனமிக்கை 10 டெசிபல் குறைத்து வையுங்கள். ஒன்றில் சத்தம் அளவு மீறிக் கிழிந்தால் மற்றது காப்பாற்றும்.

போன் டெமோவின் வேகத்தையும் அளந்துவிடுங்கள். துக்கப் பாட்டு சரணத்தில் தானாகவே தளரும். பல்லவி நிமிடத்துக்கு 72 அடி, சரணம் 69 என்று இருந்தால் அப்படியே டெம்போ மேப் (இடத்துக்கு இடம் மாறும் வேகக் குறிப்பு) போடுங்கள். ஒரே வேகத்தில் தட்டும் கிளிக்கில் கட்டினால் டெமோவில் இருந்த உயிர் போய்விடும். ஆல்பம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

14-ல் 8 அல்லது 9 போதும், 40 நிமிடத்துக்குள். ஒரே சம்பவத்தை இரண்டு பாட்டு சொன்னால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எடுப்பதும் வலிக்கும்: ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் பேண்ட் 1977-ல் தங்கள் பிரிவுகளையே ஆல்பமாக்கியபோது, நீளம் காரணமாக அதன் பாடகி ஸ்டீவி நிக்ஸின் ஒரு பாட்டு விடுபட்டு சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் போனது, அவருக்கு அது பெரிய மனக்குறை. அதனால் எது போகிறது என்பதை நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எல்லாமே மெதுவாகவும் வேண்டாம். 1980 பிப்ரவரியில் தங்கள் பாடகர் பான் ஸ்காட் இறந்து, அதே ஆண்டு ஜூலையில் ஏசி/டிசி என்ற ராக் பேண்ட் வெளியிட்ட ஆல்பம் மணியோசையில் தொடங்குகிறது, அட்டை கறுப்பு. துக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். அதன்பின் முழு வேக ராக். நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் மூன்று பாட்டாவது இருக்கட்டும்.

நாலுரோடு_கிட்டார்:
நன்றிங்க. பிப்ரவரிக் கடைசி வாரம் கேட்டிருக்கிறோம். சாமான் ஏற்றி இறக்குவதில் கவனிக்க என்ன இருக்கிறது?

ஹேர்பின்_20:
ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, ஆம்ப் நிமிர்ந்தே இருக்கணும், சுத்தி போர்வை. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பா இருந்தா வால்வைக் கழட்டித் தனியா எடுத்துட்டுப் போங்க. ஈரம் கோர்க்கிறது இறங்கும்போதுதான்: மலையில குளிர்ந்த சாமானைச் சேலத்துப் புழுக்கத்துல உடனே திறந்தா மைக்குலயும் லேப்டாப்புலயும் வேர்வை மாதிரி நீர் படியும். டப்பாவை மூடியே ஒரு மணி நேரம் விட்டுட்டுத் திறங்க. பதிவை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல எடுத்து, ரெண்டையும் பங்களாவுலயே திறந்து பாருங்க, அப்புறம் ஒவ்வொண்ணையும் வேற வேற வண்டியில அனுப்புங்க.