ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபை உருவாக்கியது எது: அப்பாவின் நூலகமா, சாப்பாட்டு மேசை அச்சகமா?

பழைய_அலமாரி:
வுல்ஃப் என்றதும் "பெண் என்பதால் பள்ளிக்கு அனுப்பவில்லை, தானாக முளைத்து வந்தவர்" என்று எழுதிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அப்பா லெஸ்லி ஸ்டீபன் 1871 முதல் 1882 வரை கார்ன்ஹில் இதழின் ஆசிரியர், தாமஸ் ஹார்டியைத் தொடர் எழுத வைத்தவர். அதன் பிறகு பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு முதல் ஆசிரியரானார். அவருடைய முதல் மனைவி நாவலாசிரியர் தாக்கரேயின் மகள். அந்த அம்மையாரின் அக்கா ஆனி ரிச்சியும் நாவலாசிரியர். லெஸ்லியின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த வர்ஜீனியாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அவர் பெரியம்மா முறை. வுல்ஃபின் முதல் நாவலை 1915-ல் வெளியிட்டது டக்வொர்த். அது அவர் அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்டின் பதிப்பகம். இந்தக் குடும்பம் இல்லாமல் இந்த நாவலாசிரியர் இல்லை.

ஈய_எழுத்து:
நூலகத்தை அப்பா திறந்துவிட்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் தோபியும் தம்பி ஏட்ரியனும் கேம்பிரிட்ஜ் போனார்கள். இவருக்குக் கிடைத்தது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் சில வகுப்புகளும், வீட்டுக்கு வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுத்த ஜேனட் கேஸும்தான். தேதியைப் பாருங்கள்: அப்பா இறந்தது 1904 பிப்ரவரி, இவருடைய முதல் மதிப்புரை அச்சில் வந்தது அதே ஆண்டு டிசம்பர். 1928-ல் அப்பாவின் பிறந்தநாளன்று நாட்குறிப்பில், அவர் உயிரோடு இருந்திருந்தால் தன் வாழ்க்கையே முடிந்திருக்கும், எழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை என்று இவரே எழுதுகிறார்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் பணத்தை விட்டுவிட்டீர்கள். 1909-ல் அத்தை கரோலின் ஸ்டீபன் (அவரும் நூலாசிரியர்தான்) உயிலில் இவருக்கு வைத்தது 2,500 பவுண்டு. தோபி அதற்குள் இறந்துவிட்டார். அக்கா வனெஸாவுக்கும் ஏட்ரியனுக்கும் ஆளுக்கு 100 பவுண்டுதான். முதல் நாவலைப் பல தடவை திருத்தி எழுத முடிந்ததற்குப் பின்னால் இந்தப் பணமும் இருக்கிறது. பழைய_அலமாரி பக்கம் ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈய_எழுத்து:
பணம் உட்கார்ந்து எழுத நேரம் கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். எப்படி எழுதுவது என்பதை மாற்றியது 1917-ல் வாங்கிய கை அச்சு இயந்திரம். இதை "மன ஆறுதலுக்கான பொழுதுபோக்கு" என்று இரண்டு வரியில் கடந்துபோகிறார்கள். அது சரியல்ல.

இவரும் கணவர் லெனார்டும் அச்சுப் பள்ளியில் சேரப் பார்த்தார்கள். தொழிற்சங்கத்தில் பதிந்த தொழில் பழகுநர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபேரிங்டன் தெருக் கடையில் இயந்திரம், ஈய எழுத்து, உபகரணம் எல்லாம் சேர்த்து 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்ஸ். கூடவே 16 பக்கக் கையேடு, அதுதான் ஆசிரியர். ரிச்மண்டில் ஹோகார்த் இல்லத்துச் சாப்பாட்டு மேசையில் வேலை. லெனார்டுக்குக் கை நடுக்கம், சிறு எழுத்துகளைக் கோக்க முடியாது. அதனால் கம்போசிங் வர்ஜீனியா, அச்சடிப்பது லெனார்டு.

கம்போசிங் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எழுத்துகளைத் தலைகீழாக ஒவ்வொன்றாக ஸ்டிக் என்ற கைத்தட்டில் அடுக்க வேண்டும். வரி நிறையாவிட்டால் சொற்களுக்கு நடுவே இடைவெளித் துண்டு செருகி இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் அச்சாகும்போது எழுத்து நழுவும். வரிக்கும் வரிக்கும் நடுவே ஈயத் தகடு. அந்தச் சின்ன இயந்திரம் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் அடிக்கும். இருக்கிற எழுத்தும் கொஞ்சம். அடித்து முடித்ததும் பிரித்து அறைகளில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம் நகரும். ஆங்கிலத்தின் h எழுத்தையும் n எழுத்தையும் கலந்துவிட்டேன் என்று ஆரம்ப நாட்களிலேயே அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். அறை மாறி விழுந்த எழுத்து அடுத்த பக்கத்தில் பிழையாக வந்து நிற்கும். கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டின் நீள்கதையை 1918-ல் அச்சிட்டபோது சில பக்கங்களின் தலைப்பு வரியில் நூலின் பெயரே தப்பாகப் போய்விட்டது.

ஒரு சொல்லுக்கு எத்தனை விரலசைவு என்று தெரிந்தவர், ஒரு வாக்கியத்தைப் பழையபடி பார்க்கவே முடியாது.

வடமராட்சி_வாசகி:
லெனார்டை வெறும் கைப்பிடி இழுத்தவராக ஆக்காதீர்கள். 1905 ஜனவரியிலிருந்து 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் (அரசு நிர்வாக அலுவலகத்தில்) வேலை பார்த்தவர், தமிழ் படித்துத் தேர்வு எழுதியவர், பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. கணக்கைக் காசு வரைக்கும் எழுதிவைக்கும் பழக்கம் அவருடையது. அச்சகம் அதனால்தான் பிழைத்தது. இன்னொன்று, வர்ஜீனியாவைக் கட்டுவதற்கு முன்பே, தோபியோடு கேம்பிரிட்ஜில் படித்தபோதே இந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானவர். அச்சகமும் குடும்பத்தின் வழியாக வந்ததுதான்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கணக்கிலிருந்தே சொல்கிறேன். முதல் வெளியீடு 1917 ஜூலை, ஆளுக்கொரு கதை, 150 பிரதி. விற்றது 134. செலவு 3 பவுண்டு 7 ஷில்லிங், லாபம் 7 பவுண்டு 1 ஷில்லிங், சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல். இதில் யாரும் பிழைக்க முடியாது. பணம் வந்தது பத்து வருஷம் கழித்து. 1927-ல் வந்த நாவல் முதல் ஆண்டில் 3,873 பிரதி, 1928-ல் வந்த 'ஆர்லண்டோ' ஆறே மாதத்தில் 8,104 பிரதி. அதுவரை தாங்கியதில் குடும்பச் சொத்துக்குப் பங்கு உண்டு.

பழைய_அலமாரி:
சரி, ஈய_எழுத்துவிடம் நேராகவே கேட்கிறேன். சொந்த அச்சகத்தின் முதல் நாவல் 'ஜேக்கப்ஸ் ரூம்', 1922. அதை அவர் கையால் கோக்கவில்லை. எடின்பரோவில் ஆர் அண்ட் ஆர் கிளார்க் அச்சகத்தில் கொடுத்து அடித்தார்கள். பிறகு ஈயத் தகடு கதை எங்கே நிற்கிறது?

ஈய_எழுத்து:
நல்ல கேள்வி. கை இயந்திரத்தில் ஒரு முழு நாவல் நடக்காத காரியம். ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' கைப்பிரதி 1918-ல் இவர்களிடம் வந்தபோது திருப்பி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1919-ல் டக்வொர்த் வெளியிட்ட இவருடைய இரண்டாவது நாவலையும் 'ஜேக்கப்ஸ் ரூமை'யும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் அத்தியாயத்துக்குப் பின் அத்தியாயம், சீரான நடை, ஆனி பெரியம்மாவின் சாயலில் ஒரு பாத்திரம்கூட உண்டு. 'ஜேக்கப்ஸ் ரூமி'ல் பகுதிகளுக்கு நடுவே வெற்றிடம் விடுகிறார். அதுவும் ஒரே அளவில் இல்லை: ஓரிடத்தில் ஒரு வரி, இன்னோரிடத்தில் இரண்டு, வேறிடத்தில் நான்கு. வெற்றிடத்துக்கும் துண்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஐந்து வருஷம் விரலால் அறிந்தவரின் வேலை அது. கோத்தவர் கிளார்க்கின் ஆள். எத்தனை வரி விடுவது என்று முடிவு செய்தவர் இவர்.

பழைய_அலமாரி:
அந்த இடைவெளிகளை எண்ணிப் பார்த்ததில்லை. முதல் பதிப்பின் ஸ்கேனை எடுத்துவைத்து எண்ணுகிறேன். பெரியம்மா விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.