ஐபிஓ-வுக்கு 'பங்கழைப்பு' சரியா வருமா?

ஐபிஓ-ன்னா ஒரு கம்பெனி தன் பங்க முதல் தடவையா பொதுமக்களுக்கு விக்கறது, அதுக்குத்தான் நம்ம குழுவுல தமிழ்ச்சொல் தேடிட்டு இருக்கோம். அண்ணே, நீங்க சொன்ன 'சந்தையேற்றம்' கேக்க நல்லாத்தான் இருக்கு, அரங்கேற்றம்னு சொல்ற மாதிரி ஒரு பெருமையும் அதுல இருக்கு, ஆனா எனக்கு ஒத்து வரல. பேப்பர்ல 'சந்தையில் ஏற்றம்'னு போட்டா அன்னிக்கு நம்ம பங்குச் சந்தையான புர்சா மலேசியால விலை கூடிருச்சுன்னுதான் நம்ம ஆளுங்க படிப்பாங்க. முதல் நாளே வெளியிட்ட விலைக்குக் கீழ எறங்கிப்போற கம்பெனிய 'சந்தையேற்றம் கண்டது'ன்னு எப்படி எழுதுறது?

அக்கா எடுத்துக் காட்டின 'ஆரம்பப் பொதுச் சலுகை' இன்னும் மோசம். சலுகைன்னா தீபாவளிக்கு துணிக்கடைல விலை குறைக்கிறது. பங்கு மலிவா கெடைக்குதுன்னு நெனச்சு ஒருத்தர் சேமிப்பப் போட்டுட்டா அந்த வார்த்தைய எழுதினவங்களுக்கும் அதுல பொறுப்பு இருக்கு.

நான் ஏன் இத இவ்ளோ பிடிச்சு இழுக்கறேன்னா, பினாங்குல எங்க ஆபீஸ் கணக்கு பாக்கற கம்பெனில ஒன்னு, புக்கிட் மின்யாக் பக்கம், மெஷினுக்கு உலோகப் பாகம் செய்யற சின்ன பேக்டரி, புர்சால சின்ன கம்பெனிங்களுக்குன்னு இருக்கற ஏஸ் மார்க்கெட்டுக்குப் போக ஏற்பாடு பண்ணிட்டு இருக்கு. வேலைக்காரங்களுக்குன்னு ஒதுக்கற பங்குக்கு பிங்க் பாரம் குடுப்பாங்கல்ல, அத விளக்கச் சொல்லி என்னைக் கூப்டாங்க. பிரேக் டைம்ல கேன்டீன்ல ஒக்காந்து பேசிட்டு இருக்கும்போது ஒரு மெஷின் ஆப்பரேட்டர் அம்மா பாரத்த மடிச்சு சட்டைப்பையில வெச்சுகிட்டே கேட்டாங்க, "நாங்க போடற காசு கம்பெனிக்குப் போவுமா, மொதலாளி பைக்குப் போவுமா?" அந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லாத கலைச்சொல் எதுக்கு?

ஏன்னா ஐபிஓ-ங்கிற ஒரே பேருக்குள்ள ரெண்டு வெவ்வேற காரியம் நடக்குது. கம்பெனி புதுசா பங்கு உருவாக்கி வித்தா அந்தக் காசு கம்பெனிக்கு வரும், அதுல மெஷின் வாங்கலாம், பேங்க் கடன் அடைக்கலாம். ஏற்கெனவே பங்கு வெச்சிருக்கற மொதலாளியோ ஆரம்பத்துல பணம் போட்டவங்களோ அவங்க கையில இருக்கறத வித்தா அது அவங்களுக்குத்தான், கம்பெனிக்கு ஒரு காசும் கெடையாது. கணக்கா பாருங்க: 30 காசுக்கு 100 மில்லியன் புதுப் பங்கு போச்சுன்னா 30 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கம்பெனிக்கு, செலவு போக. அதே விலைல மொதலாளி தன்னோடதுல 40 மில்லியன் பங்க வித்தா 12 மில்லியன் வெள்ளி அவருக்கு. ரெண்டும் ஒரே புரோஸ்பெக்டஸ்ல (பங்கு விக்கறதப் பத்தி கம்பெனி வெளியிடற விவரப் புத்தகம்), ஒரே நாள்ல, ஒரே விலைல நடக்கும். மொதலாளி விக்கறது ஒன்னும் தப்பில்ல, பல வருசம் ஒழைச்சவரு கொஞ்சம் காசாக்கிக்கலாம், ஆனா வாங்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும். பேப்பர்ல '42 மில்லியன் வெள்ளி மூலதனம் திரட்டியது'ன்னு மொத்தமா போட்டுட்டா அது பொய்யாயிடும்.

அதனால முதல்ல சொன்னதுக்கு 'புதுப்பங்கு வெளியீடு', ரெண்டாவதுக்கு 'கைப்பங்கு விற்பனை'. கைப்பணம், கைச்சரக்குன்னு நாம பேசறதுதானே, கைப்பங்குன்னு சொன்னா யார் கையில இருந்து வருதுன்னு கேக்கத் தோணும்.

ரெண்டையும் சேர்த்து சொல்ல 'பங்கழைப்பு'. பங்கு வாங்க வாங்கன்னு பொதுமக்கள கூப்பிடறதுதான் அங்க நடக்கற காரியம். நம்ம நாட்டுல சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, பொதுவா பொதுமக்கள்கிட்ட அப்படி பங்கு விக்க முடியாது, உறுப்பினரும் 50 பேருக்கு மேல கூடாது. அந்த 'சென்டிரியான்' போய் வெறும் பெர்ஹாட், அதாவது பொதுக் கம்பெனி, ஆனப்புறம்தான் இந்த அழைப்பே வருது. 'முதல்'ங்கிற ஒட்டு வேணாம்ங்கறேன், முதல்னா முதலாவதா மூலதனமான்னு ஒரு கொழப்பம் நிக்கும்.

இப்ப 'பட்டியலிடல்', அதாவது லிஸ்டிங், விசயத்துக்கு வரேன். பங்கழைப்பும் சந்தைல பேர் சேக்கறதும் ஒன்னுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, இல்ல. 2017-ல புர்சால வந்த லீப் மார்க்கெட்ல வசதியும் அனுபவமும் உள்ள முதலீட்டாளருங்கன்னு சட்டம் ஏத்துக்கறவங்க மட்டும்தான் வாங்கலாம், அங்க பொதுமக்களுக்கு அழைப்பே கெடையாது, ஆனா கம்பெனி பேரு புர்சால இருக்கும். அதனால அதுக்குத் தனிச்சொல் வேணும், 'சந்தைப்பதிவு' போதும். பட்டியல்னா மளிகைக் கடை சீட்டுதான் ஞாபகம் வருது. பதிவு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, கல்யாணப் பதிவு, கம்பெனிப் பதிவு எல்லாம் இருக்கு, முன்னாடி 'சந்தை' இருக்கறதால கொழம்பாது.

சின்ன கம்பெனிக்கு வழி தொறந்தது எப்படின்னு தம்பி கேட்டிருந்தாரு. பெரிய கம்பெனிங்க போற மெயின் மார்க்கெட்டுக்கு லாபத்த காட்டிப் போறதுன்னா மூணுல இருந்து அஞ்சு வருசத்துல மொத்தமா 20 மில்லியன் வெள்ளி நிகர லாபம், கடைசி வருசம் மட்டும் 6 மில்லியன் காட்டணும். 2009-ல மெஸ்டாக்ங்கிற பழைய சந்தைய மாத்தி கொண்டு வந்த ஏஸ்ல அந்த மாதிரி லாப வரம்பு இல்ல, அதுக்குப் பதிலா ஸ்பான்சர் ஒருத்தர் கம்பெனிய அலசிப் பாத்து பொறுப்பேத்துக்கணும். இந்த ஸ்பான்சர 'ஆதரவாளர்'னு எழுதறது சரியில்ல, கால்பந்துக்கு ஜெர்சி வாங்கிக் குடுக்கறவர் மாதிரி இருக்கு. 'பொறுப்பாளர்'னே வெச்சிடலாம். ஏஸ்ல 25 விழுக்காடு பங்கு, கொறஞ்சது 200 பொது பங்குதாரர் கையில இருக்கணும்னும் விதி.

கேன்டீன்ல இந்த சொல்லுங்கள வெச்சே பேசிப் பாத்தேன். "புதுப்பங்குன்னா கம்பெனிக்கு, கைப்பங்குன்னா மொதலாளிக்கு"ன்னு சொன்னதும் அந்த ஆப்பரேட்டர் அம்மா புரோஸ்பெக்டஸ வாங்கி, "அப்ப இதுல எது எவ்ளோன்னு காட்டுங்க"ன்னாங்க. அந்தப் பக்கத்தக் காட்டினேன், அவங்களே விரல் வெச்சுப் பாத்துகிட்டாங்க.

இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு. யாரும் வாங்காம மிஞ்சற பங்க நானே எடுத்துக்கறேன்னு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அதுக்குக் கமிஷன் வாங்கற பேங்குங்க (அண்டர்ரைட்டர்) இருக்குல்ல, அவங்கள 'ஒப்புறுதியாளர்'னு எழுதறாங்க, எத ஒப்புறாங்கன்னு யாருக்கும் வெளங்கல. நான் 'மிச்சமேற்பாளர்'ங்கறேன். வாயில வரும்போது கொஞ்சம் முட்டுது, அக்கா, உங்களுக்கு இத விட நல்லதா தோணினா சொல்லுங்க.