சாம்ஃபர் செய்த பன்னிருமுகி: கேனானிக்கல் ஆக்கியும் விளிம்புகள் சமமாக வரவில்லை

கேள்வி (கோணமானி):
பன்னிருமுகிக்கு கான்வே குறியீட்டின் (ஒரு பன்முகியிலிருந்து இன்னொன்றை உருவாக்கும் முறை) சாம்ஃபர் ஆபரேட்டரை, அதாவது ஒவ்வொரு விளிம்பையும் ஓர் அறுங்கோணமாக்கும் செயலைப் போட்டு, கேனானிக்கல் ஆக்கி, ஓபிஜே என்ற 3டி கோப்பாக எடுத்தேன். 12 ஐங்கோணம், 30 அறுங்கோணம், 80 முனை, 120 விளிம்பு; எண்ணிக்கை சரி. ஆனால் பிளெண்டர் 3டி மென்பொருளில் அளந்தால் ஐங்கோணத்தின் விளிம்பு 38.9 மி.மீ., இரண்டு அறுங்கோணங்கள் சேரும் விளிம்பு 41 மி.மீ. எல்லாமே 40 வேண்டும். 3 மி.மீ. அக்ரிலிக்கில் லேசர் வெட்டப் போகிறேன். பேசாமல் ஒழுங்கு அறுங்கோணமாகவே வரைந்துவிடலாமா?

பதில் (சாய்சதுரம்):
கூடவே கூடாது. இந்த உருவில் 20 முனைகளில் மூன்று அறுங்கோணங்கள் கூடுகின்றன. 120 பாகை மூன்று சேர்ந்தால் 360. அந்த இடம் தரை மாதிரி தட்டையாகிவிடும், உருவம் மூடாது. அங்கே வரவேண்டிய கோணம் 116.565 பாகை. மற்ற நான்கு மூலைகளும் 121.717.

கேனானிக்கல் என்பது எல்லா விளிம்பும் ஒரே கோளத்தைத் தொடும், முகங்கள் தட்டையாக இருக்கும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். நீளத்தைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. இந்த உருவில் வித்தியாசம் 5.4 சதவீதம், உங்கள் அளவும் அதைத்தான் காட்டுகிறது.

இது முப்பது சாய்சதுர முகியின் (30 ஒரே மாதிரி சாய்சதுரங்களால் ஆன உருவம்) கூர்மையான 12 மூலைகளைச் சீவிய உருவம்தான். எவ்வளவு சீவினாலும் அறுங்கோணம் தட்டையாகவே இருக்கும், முகங்களுக்கு இடையிலான கோணமும் மாறாது. சாய்சதுர விளிம்பில் மூலையிலிருந்து 0.4875 பங்கில் வெட்டினால் எல்லா விளிம்பும் சமம். 40 மி.மீ. விளிம்புக்கு அறுங்கோணத் தளம் மையத்திலிருந்து 107.42, ஐங்கோணத் தளம் 109.26. அதே அறுங்கோணத் தளத்துக்குக் கேனானிக்கலில் ஐங்கோணத் தளம் 109.72. அரை மி.மீ.கூட இல்லாத இந்த நகர்வுதான் விளிம்பில் 2 மி.மீ. ஆகத் தெரிகிறது!

ஓப்பன்ஸ்காடில் (நிரல் எழுதி 3டி உருவம் செய்யும் மென்பொருள்) 42 பெரிய கனசதுரங்களின் இன்டர்செக்‌ஷன் (எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி) போதும். மையத்திலிருந்து ஐங்கோணத் தளங்களின் திசைகள் 0, ±0.5257, ±0.8507. அறுங்கோணத்துக்கு மூன்று அச்சுகளும், அவற்றோடு ±0.309, ±0.809, ±0.5. இவற்றைச் சுழற்சி வரிசையில் மட்டும் மாற்றுங்கள். 0.5, 0.809, 0.309 என்று திருப்பிப் போட்டால் இரண்டு தொகுதியும் ஒன்றோடொன்று பொருந்தாது, கன்னாபின்னாவென்று ஏதோ வரும்.

பதில் (மூலைமட்டம்):
டெம்ப்ளேட் சரியா என்று பார்க்க: ஐங்கோணத்தை ஒட்டும் இரு விளிம்புகளுக்கு இடைத்தூரம் 68.05 மி.மீ., 116.565 பாகை முனைகளுக்கு இடையே 82.06. ஒழுங்கு அறுங்கோணத்தில் இவை 69.28, 80.

லேசர் நேர்குத்தாகத்தான் வெட்டும். அதனால் 40 மி.மீ.யை உட்புற விளிம்பாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. தகட்டில் வெளிப்பக்கம் அறுங்கோணங்களுக்கு இடையே 1.85, ஐங்கோணத்தோடு 1.64 மி.மீ. இடைவெளி திறந்து நிற்கும். விளக்கு என்றால் அதுவே அழகு. வேண்டாம் என்றால் 40 மி.மீ.யை வெளிப்புற விளிம்பாக வைத்து வெட்டி, ஓரங்களை உட்பக்கமாகச் சாய்த்து ராவ வேண்டும்: ஒவ்வொரு அறுங்கோணத்திலும் நான்கு ஓரம் 18 பாகை, ஐங்கோணம் ஒட்டும் இரண்டு ஓரம் 15.86.

கோணமானி:
இதைவிடப் பெரிய, 92 முகம் உள்ள கோல்ட்பெர்க் உருவுக்கும் (இதைப் போலவே 12 ஐங்கோணமும் மற்றவை அறுங்கோணமுமான வகை) இதே சூத்திரம் போகுமா?

பதில் (சாய்சதுரம்):
போகாது. அதில் 80 அறுங்கோணங்கள் 60, 20 என இரண்டு வகை. தளத்தை நகர்த்தினால் மட்டும் தீராது. சம விளிம்பும் தட்டை முகமும் சேர்ந்து கிடைக்கும் என்று ஷைன், கேயெட் இருவரும் 2014இல் காட்டினார்கள், ஆனால் கணினியில் எண்முறையாகத்தான் தேட வேண்டும். ரைனோ 3டி மென்பொருளில் கங்காரு (நிபந்தனைகளுக்கு ஏற்ப உருவத்தைத் தேடிச் சரிசெய்யும் கருவி) இருந்தால் சம நீளம், ஒரே தளம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் (கோல்) சேர்த்தே கொடுங்கள். நீளத்தை மட்டும் கொடுத்தால் அறுங்கோணம் முறுக்கிக்கொள்ளும். அதை முக்கோணங்களை மட்டுமே சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பாக எடுத்தால் முக்கோணங்களாக உடைந்து மூலைவிட்டத்தில் மடிப்பு விழும். ஓஎஃப்எஃப் அல்லது ஓபிஜே எடுத்து, விரிப்பதற்கு முன் முனைகள் தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள்.